ஆல்டர் செய்த கார் பட்டறையில் சேதமானால் பொறுப்பு யாருக்கு?



நம் மஹல்லாவில் பட்டறை வைத்துப் பிழைக்கும் சகோதரர்கள் பலர் இருக்கிறார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தில் முதல் செலவாகக் கார் வாங்கும் பிள்ளைகளும் பலர். வாங்கிய கார் கம்பெனி கொடுத்தபடி இருப்பதில்லை. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்துகிறார்கள்; பம்பருக்குக் கீழே ஃபைபர் லிப் ஒட்டுகிறார்கள்; டிக்கி நிறைய ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஏற்றுகிறார்கள். இதெல்லாம் தேவையா என்பதை வேறோர் இதழில் பேசுவோம் (தேவையில்லை என்பதே எங்கள் கருத்து). இப்படி மாற்றிய வண்டி சர்வீசுக்கு விட்ட இடத்தில் சேதமானால் யார் ஈடு கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இப்போது அடிக்கடி அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறது. அதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை மதரஸா ஹழ்ரத்திடமும் கலந்து இங்கே எழுதுகிறோம்.

வண்டிச் சாவி மெக்கானிக்கின் கைக்குப் போனதும் அந்த வண்டி அவரிடம் அமானிதமாகிறது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் சூரா நிஸாவின் 58ஆவது வசனத்தில் கட்டளையிடுகிறான். ஆனால் மெக்கானிக் வெறுமனே பொருளைக் காத்து வைப்பவர் அல்ல. கூலி வாங்கிக்கொண்டு அதில் கை வைப்பவர். பலருக்கும் பொதுவாக வேலை செய்து தரும் இத்தகையவரை ஃபிக்ஹு நூல்கள் 'அஜீர் முஷ்தரக்' என்கின்றன. தையல்காரர், சாயம் போடுபவர், சலவைக்காரர் எல்லோரும் இந்த வகைதான். கார் அன்று இல்லை. சட்டம் அன்றே இருந்தது.

ஹனஃபீ மத்ஹபில் இவருடைய வேலையினால் உண்டான சேதத்துக்கு இவரே பொறுப்பு. சலவைக்காரர் துணியை அடித்துத் துவைக்கும்போது கிழிந்தால், வேண்டுமென்று செய்யாவிட்டாலும் ளமான், அதாவது ஈடு கொடுக்கும் கடமை, அவர் மீது வரும். அவர் வேலையினால் அல்லாமல் திருட்டுப் போன்றவற்றால் பொருள் போனால், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவரைப் பொறுப்பாக்கவில்லை. இமாம்கள் அபூயூசுஃப் (ரஹ்), முஹம்மத் (ரஹ்) இருவரும், பெருந்தீ போலத் தடுக்கவே முடியாத காரணம் இருந்தாலன்றி அவர் பொறுப்பு என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில், வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோதான் ஈடு. இரண்டு மத்ஹபினரும் நம் ஊரில் இருப்பதால் இரண்டையும் சொல்கிறோம். பெரும்பாலான வழக்குகளில் முடிவு ஒன்றாகவே வருகிறது.

எங்களிடம் வந்த ஒரு வழக்கு இது. தாழ்த்திய கார் ஒன்றை ஆயில் மாற்ற ரேம்ப்பில் ஏற்றியபோது முன்பக்க லிப் இடித்துப் பிளந்துவிட்டது. "கம்பெனி வண்டியாக இருந்தால் இடித்திருக்காது. மாற்றியது அவர், நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்றார் பட்டறைக்காரர். பலருக்கு இது நியாயமாகத் தோன்றும். ஆனால் வண்டி தாழ்ந்திருப்பது வாசலிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தே வாங்கி நிறுத்தியவர், ரேம்ப்பின் முனையில் பலகை வைத்து ஏற்றியிருக்கலாம். அல்லது "இது என்னால் முடியாது, வேறு இடம் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு வண்டியின் உயரத்தைக் காரணம் காட்ட முடியாது. ஹனஃபீ மத்ஹபில் சேதம் அவர் வேலையால் வந்தது; ஷாஃபிஈ மத்ஹபில் அது கவனக்குறைவு.

மருத்துவம் அறியாதவர் வைத்தியம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. கேஸ் கிட் பற்றித் தெரியாமலே கேஸ் கிட் வண்டியில் கை வைக்கும் சகோதரர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

இன்னொரு வழக்கு இதற்கு நேர்மாறு. ஆம்ப்ளிஃபையருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, ஃபியூஸ் போடாமல், டேப் சுற்றி உள்ளே மறைத்திருந்தார்கள். உரிமையாளருக்கு அது தெரியும், சொல்லவில்லை. இன்ஜின் பக்கம் வழக்கம்போலக் கழுவியபோது ஷார்ட் ஆகி, இ.சி.எம். எனப்படும் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது. இதற்கும் மெக்கானிக்தான் பொறுப்பா?

இங்கே ஹனஃபீ சட்டமேதைகள் சொன்ன நுட்பமான ஒரு வேறுபாடு உதவுகிறது. துணி கிழித்த சலவைக்காரரைப் பொறுப்பாக்கியவர்கள், முறைப்படி ஹிஜாமா செய்தவரைப் பொறுப்பாக்கவில்லை. துணியின் வலிமையைத் தொழில் தெரிந்தவர் கைப்பட்டதும் கணித்துவிடலாம். மனித உடலுக்குள் இருக்கும் பலவீனத்தை வெளியிலிருந்து கணிக்க முடியாது என்பது அவர்கள் கூறிய காரணம். தாழ்த்திய வண்டி துணியைப் போன்றது. மறைத்த ஒயர் உடலின் உட்புறத்தைப் போன்றது. முறைப்படி வேலை செய்தவர் மீது, அவர் காண முடியாத, உரிமையாளர் மட்டுமே அறிந்த குறையின் சுமையை ஏற்றுவது சரியல்ல என்பதே ஹழ்ரத்தின் கருத்தும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த செய்தி (முஸ்லிம்) நாம் அறிந்ததே. கண்டிக்கப்பட்டது ஈரம் அல்ல, அதை மறைத்ததுதான். ஆனால் மெக்கானிக் பேட்டரியைக் கழற்றாமல், மின் இணைப்புகளை மூடாமல், பிரஷர் தண்ணீரை நேராக அடித்திருந்தால் கதை வேறு. அங்கே இருவர் பங்கும் உண்டு. சுல்ஹு செய்துகொள்வதே நல்லது.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதே பாதையில்தான் போகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு, பிறர் பொருளைப் பெற்றவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும் என்கிறது. 150ஆவது பிரிவு, பொருளில் தனக்குத் தெரிந்த ஆபத்தான குறையை ஒப்படைப்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. பட்டறைச் சுவரில் "சேதத்திற்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒரு பலகை அல்லாஹ்விடம் இறக்கிவைக்காது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அதற்கு முன் ஜமாஅத்தில் பேசித் தீர்ப்பதே நமக்கு அழகு. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் அது உரிமையாளருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் இடையிலான விஷயம். பிறர் பொருளை உடைத்தவருக்கு அது சாக்காகாது.

எவ்வளவு ஈடு? நபி (ஸல்) அவர்களின் வீட்டில் ஒரு பாத்திரம் உடைக்கப்பட்டபோது, அதற்குப் பதில் நல்ல பாத்திரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள் (புகாரீ). ஈடு என்பது உடைந்ததற்குச் சமமானது. இரண்டு வருடம் தேய்ந்து கீறல் விழுந்த லிப்புக்குப் புது லிப்பின் விலையைக் கேட்பது சமம் ஆகாது. சேதமான நேரத்தில் அதற்குச் சந்தையில் என்ன விலையோ, அதுதான் உரிமை. அதேபோல, ஒழுங்காகச் செய்து முடித்த ஆயில் சர்வீசின் கூலியை மறுக்கவும் கூடாது.

ரேம்ப் வழக்கை நாங்கள் அறிந்தது வண்டிக்காரர் மூலமும் அல்ல, பட்டறைக்காரர் மூலமும் அல்ல. நம் விதவை உதவித்தொகை பெறும் ஒரு தாய் வந்து சொன்னார். வண்டியை ரேம்ப்பில் ஏற்றியது அவருடைய மகன். அங்கே ஹெல்பர் வேலை. வாரக் கூலி 2,500 ரூபாயில் 500 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 9,000 ரூபாய் தீரும்வரை பிடிப்பதாகப் பேச்சு. அந்தப் பையன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இது கூடாது. ஹெல்பர் ஒருவரிடம் மட்டும் கூலிக்கு இருப்பவர். அவர் 'அஜீர் காஸ்'. முதலாளி சொன்ன வேலையைச் செய்யும்போது, வரம்பு மீறாமல், வேண்டுமென்று செய்யாமல் நேர்ந்த சேதத்துக்கு அவர் பொறுப்பல்ல. பட்டறைச் சீடனின் கையால் சேதமானால் ஈடு உஸ்தாது மீதுதான் என்று ஹனஃபீ நூல்களில் தெளிவாகவே உள்ளது. பலகை வைத்து ஏற்றச் சொல்லித்தர வேண்டியவர் உஸ்தாது. "ஏத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர், பையனின் கூலியில் கை வைக்க முடியாது. இதை அந்தச் சகோதரரிடம் தனியாக எடுத்துச் சொன்னோம். அல்ஹம்துலில்லாஹ், கேட்டுக்கொண்டார், பிடித்த 1,500 ரூபாயையும் பையனிடம் திருப்பிக் கொடுத்தார். லிப்பின் மதிப்பை வண்டிக்கார இளைஞரும் 4,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டார். வல்லாஹு அஃலம்.

இனி வண்டி விடும்போது, கம்பெனி கொடுத்ததில் எதையெல்லாம் மாற்றியிருக்கிறீர்கள் என்பதை வாயால் சொல்லி, ஜாப் கார்டிலும் எழுத வையுங்கள். ஒயர் எங்கே போகிறது, ஜாக்கி எங்கே வைக்கக் கூடாது, கேஸ் கிட் ஆர்.சி. புக்கில் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரட்டும். பட்டறைக்காரர்கள் வண்டியைச் சுற்றி நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு, இருக்கும் கீறல்களை உரிமையாளர் முன்னிலையிலேயே குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். கையால் எழுதிய ரசீது மட்டும் கொடுக்கும் சிறிய பட்டறைகளுக்காக ஒரு பக்க ஜாப் கார்டு மாதிரி தயார் செய்துள்ளோம். அஸருக்குப் பின் அலுவலகத்தில் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.