ரேடியேட்டருக்குக் கிணற்று நீர் வேண்டாம்

வேலூர் லாங் பஜாருக்குக் காய்கறி ஏற்றி வரும் மினி லாரிகளுக்குக் கோடையில் நேரும் தொல்லை, என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறுவது. சுமையோடு நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது ரேடியேட்டர்மேல் போதிய காற்று படுவதில்லை.

சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 டிகிரி செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்ததும் ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேக வைத்துவிடும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, தடித்த துணியால் பிடித்து மெல்லத் திறக்க வேண்டும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும்.

அவசரத்துக்குக் கிணற்று நீரை ஊற்றுவோர் உண்டு. பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் கழிவால் பல ஊர்களின் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. இதுபற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. பயிரைக் கருக்கும் அந்த உப்பு நீர், ரேடியேட்டரின் உலோகத்தையும் அரிக்கும். கடின நீரின் காரை மெல்லிய குழாய்களை அடைக்கும். வேறு வழியின்றி ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் வடித்துக் கழுவி, கம்பெனி சொல்லும் கூலன்டை நிரப்ப வேண்டும்.

சுமை ஏற்றும் முன், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் அளவு, விசிறி பெல்ட், ரப்பர் ஹோஸ்களில் கசிவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. வண்டியில் ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரும் இருக்கட்டும்.