பிஎச்டி தொடங்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. பெங்களூரில் இடம் கிடைத்துவிட்டது என்றும், மூளை அழற்சிக்கு ஸ்டெம் செல் சிகிச்சைதான் உன் ஆய்வுத் தலைப்பு என்றும் அம்மா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். நீ கேட்காமலே அறிவுரை சொல்கிறேன். நரம்பியல் வார்டிலும் எலிக்கூடத்திலும் காலம் தள்ளியவளுக்கு வாய் சும்மா இருக்காது.

முதலில் உன் துறையின் கதையை ஒழுங்காகப் படி. 2003-ல் மிலானில் ப்ளுகினோ, மார்ட்டினோ குழுவினர், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் போன்ற நோயை வரவழைத்த சுண்டெலிகளுக்கு நரம்பு முன்னோடி செல்களைச் செலுத்தினார்கள். எலிகள் தேறின. அழிந்த மயலின் உறையைப் புதுச் செல்கள் கட்டித் தருகின்றன என்பதுதான் அப்போதைய பெரிய எதிர்பார்ப்பு. இரண்டே வருஷத்தில் அதே குழு இன்னொன்றையும் காட்டியது: செலுத்திய செல்களில் பல எதுவாகவும் மாறாமல், ரத்தக் குழாய்களை ஒட்டித் தங்கிக்கொண்டு, அங்கே வந்து சேரும் டி செல்களை ஒழிக்கின்றன. ஓடு மாற்ற அனுப்பிய கொத்தனார் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவிட்டுத் திரும்பிய மாதிரி. வீட்டுக்கு நல்லதுதான், ஆனால் ஓடு மாற்றியாயிற்று என்று சொல்ல முடியாது.

அதனால் "செல் பலன் தந்தது" என்று எழுதும் முன் எந்த வழியில் தந்தது என்று கேள். மெசன்கைமல் ஸ்டெம் செல்களை ரத்த நாளம் வழியாக ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்ளும். மூளைக்குப் போவது சொற்பம். அப்படியும் எலி தேறினால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. செத்த செல்கள், தோல் ஃபைப்ரோபிளாஸ்ட், செல்லே இல்லாத வளர்ப்புத் திரவம் மூன்றுக்கும் ஒப்பீட்டுக் குழு வை. ஃபைப்ரோபிளாஸ்டும் அதே அளவு அழற்சியை அடக்கினால் உன் ஸ்டெம் செல்லுக்குத் தனிப் பெருமை கிடையாது. அது முதல் வருஷத்திலேயே தெரிந்துவிடுவது நல்லது. செலவு என்று கைடு தயங்கினால் வாதாடு.

இனி எலி. நோயை வரவழைக்க எம்ஓஜி பெப்டைடு போட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் வாலில் தளர்ச்சி தொடங்கும், பிறகு பின்னங்கால்களுக்கு ஏறும். 0 முதல் 5 வரை தினமும் மதிப்பெண் போடுவாய். வாலின் அடியைப் பிடித்துத் தூக்கினால் நல்ல எலியின் வாலில் விறைப்பு தெரியும். நோய் வந்ததன் வால் துவண்டு தொங்கும். சிக்கல் நடுவில்தான். நுனி மட்டும் துவண்டிருக்கும், அரையா ஒன்றா என்று விரல் தயங்கும். அந்த நேரத்தில் அது செல் ஏற்றிய எலி என்று உனக்குத் தெரிந்திருந்தால், நேர்மையானவளாகவே இருந்தாலும் பேனா அரை என்றுதான் எழுதும். ஆகவே கூண்டு எண்ணைத் தவிர எதுவும் தெரியாத ஒருவர் மதிப்பெண் போடட்டும். எந்த எலி எந்தக் குழுவுக்கு என்பதை நீ பொறுக்கக் கூடாது, குலுக்கலில் விடு.

எலி பொய் சொல்லும் என்று சலித்துக்கொள்ளாதே. 1992-ல் எலிகளில் தொடங்கிய வேலையிலிருந்துதான் நடாலிஸுமாப் என்ற மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் மருந்து வந்தது. அதே எலி நோய் மாதிரியில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தபோதும் நோய் அடங்கியது. ஆனால் அதைத் தடுக்கும் லெனர்செப்ட் மருந்தின் 1999-ல் வெளியான சோதனையில் மனிதர்களுக்கு நோய் கூடுதலாகத்தான் தலைதூக்கியது. இரண்டையும் சேர்த்தே மனதில் வை.

மெசன்கைமல் செல் எலிகளில் இந்த நோயைத் தணிக்கிறது என்று 2005-ல் காட்டியது ஜெனோவாவில் அன்டோனியோ உச்செல்லியின் குழு. பிறகு அவரே முன்னின்று 9 நாடுகளில் 144 நோயாளிகளிடம் சோதித்தார். 2021-ல் முடிவு வந்தது: ஆபத்தில்லை, ஆனால் எம்ஆர்ஐ-யில் தெரியும் புது அழற்சிப் புண்கள் குறையவில்லை. அதைத் தன் பெயரை முதலாவதாகப் போட்டு வெளியிட்டார். இந்தத் துறையில் ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றால் நான் அவரைத்தான் காட்டுவேன், அதிலும் 2005-க்காக அல்ல, 2021-க்காக.

இன்னொன்று, இது வார்டிலிருந்து. மகளுக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் இருந்த ஒரு தகப்பன் ஓபிக்கு ஒரு மையத்தின் வழுவழுப்பான துண்டறிக்கையோடு வந்தார். முடங்கிய எலிகள் நடந்தன என்று போட்டிருந்தது. "நிலத்தை வித்துடலாமாம்மா?" என்று கேட்டார். ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை போக மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை முறையான சோதனைக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அவருக்கு அது எப்படித் தெரியும்? மாஸ்கோவில் கருவின் நரம்பு ஸ்டெம் செல்களை ஏற்றிக்கொண்ட ஒரு சிறுவனுக்கு, தானம் வந்த செல்களிலிருந்தே மூளைக் கட்டி வளர்ந்த செய்தி 2009-ல் அறிவியல் இதழில் வந்தது. துண்டறிக்கையில் அது வராது. உன் கட்டுரைச் சுருக்கத்தின் கடைசி வரியில் "நம்பிக்கையூட்டும் சிகிச்சை" என்று எழுத ஆசை வரும். அந்த வரியைத்தான் வெட்டி ஒட்டுவார்கள். என்ன பார்த்தாயோ அதை மட்டும் எழுதி நிறுத்து.

மைக்கோபிளாஸ்மா சோதனையை மாதம் தவறாமல் செய். செல்கள் எத்தனையாவது பாஸேஜ் என்று ஒவ்வொரு குப்பியிலும் எழுது. முதல் எலிக்கு ஊசி போடும் முன் ஆய்வுத் திட்டத்தை எனக்கு அனுப்பு: மதிப்பெண் யார் போடுவது, குழு விவரம் யாரிடம் இருப்பது, எந்த நிலையில் ஒரு எலியைக் கணக்கிலிருந்து எடுப்பாய் என்பது அதில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று தள்ளாதே. அதற்குள் ஊசி போட்டிருப்பாய்.

அன்புடன்,
பெரியம்மா