பட்டா பிரிந்தால் போதுமா?

கேள்வி: அப்பாவின் 40-க்கு 60 அடி அப்ரூவ்டு மனையை அண்ணனும் நானும் பாகப்பிரிவினை செய்து, தனித்தனிப் பட்டாவும் வாங்கிவிட்டோம். இருவரும் வீடு கட்டலாம்தானே?
– வாசகர், திருச்சி

பதில்: இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது, தம்பி. பட்டாவைப் பிரித்தது வருவாய்த் துறை. மாநகராட்சியின் கணக்கில் அது இன்னும் ஒரே மனைதான். முதலில் மனை உட்பிரிவுக்கு ஒப்புதல் வாங்குங்கள். 2024-இல் வந்த சுயசான்று அனுமதியில் வீடு கட்டுவதானாலும் மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.

எப்படிப் பிரித்தீர்கள் என்பதுதான் முக்கியம். நீளவாக்கில் பிரித்து இருவருக்கும் தெருவில் 20 அடி முகப்பு இருந்தால் கவலையே வேண்டாம். முன்-பின்னாகப் பிரித்திருந்தால், பின்மனைக்குத் தெருவிலிருந்து வழி காட்டியாக வேண்டும். அந்த வழி இல்லையென்றால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே அண்ணனோடு உட்கார்ந்து பேசிப் பத்திரத்தை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.