முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

மதுரை–திருச்சி நெடுஞ்சாலையிலுள்ள கொட்டாம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து பிழைப்பின் பொருட்டு மக்கள் வெளியூர் செல்லுகையில், வயது முதிர்ந்த பெற்றோரைக் கவனிப்பவர் யார் என்னும் கேள்வி எழுகிறது. வேறு வழியின்றிச் சிறிய முதியோர் இல்லத்தை நாடுவோர் அறியவேண்டியவற்றை ஈண்டுக் கூறுவோம்.

முதலில் பெற்றோரின் இசைவைப் பெறுதல் வேண்டும். அவர்களையும் உடனழைத்துச் சென்று இல்லத்தைக் காட்டுதல் நலம். பின்னர், முன்னறிவிப்பின்றி உணவு வேளையில் ஒருமுறை சென்றால் உண்மை நிலை புலனாகும்.

கவனிக்க வேண்டியவை:

1. இல்லத்திற்குப் பதிவுச் சான்று உண்டா? மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரித்தறிக.

2. இரவில் விழித்திருந்து உதவுவோர் யார்? நோய் கண்டால் எந்த மருத்துவமனைக்கு, எவ்வாறு கொண்டு செல்வர்?

3. கழிப்பறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் உண்டா? படுத்த படுக்கையாயிருப்போரின் விரிப்பு தூய்மையாயுள்ளதா?

4. முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அதனை எழுத்தில் பெறுக.

இல்லத்தில் சேர்ப்பதால் பிள்ளைகளின் கடமை தீர்ந்துவிடாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிட்டு ஜீவனாம்சம் கோரலாம். பிள்ளைகளுக்கு நிலத்தை எழுதிக் கொடுப்போர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்ப்பது அவசியம். நிபந்தனை தவறினால் தீர்ப்பாயம் அதனை ரத்துச் செய்ய இயலும். முதியோருக்கான உதவித் தொலைபேசி எண் 14567.

ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. மாதந்தோறும் நேரில் சென்று பார்த்துவரும் பிள்ளையே எந்த இல்லத்திற்கும் சிறந்த மேற்பார்வையாளர் என்பதை நாம் மறத்தலாகாது.