சிறு தோட்டத்திற்கு ஒரு மரம்

வன மகோத்சவம் 1950ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாளிலிருந்து மரம் நடுதலின் இன்றியமையாமையைப் பற்றி நாம் நிறையப் பேசி வந்துள்ளோம். எம்மரத்தை எவ்விடத்தில் நடுவது என்பது பற்றி அவ்வளவு பேசவில்லை. இருபதடிக் கொல்லையில் இவ்வினா கூர்மை பெறுகிறது. அங்கு ஒரு மரத்திற்கே இடமுண்டு. ஒன்றைத் தேர்ந்தால் ஏனையவற்றைக் கைவிட வேண்டும். பொருளியல் மாணவர்கள் வாய்ப்புச் செலவு என்று பயில்வது இதுவே.

தில்லியை எடுத்துக்கொள்வோம். அங்குக் கோடையில் நிழல் வேண்டும். சனவரியில் வெயில் வேண்டும். குளிர்காலச் சூரியன் தென்வானில் தாழ்ந்து செல்வதால், வீட்டின் தென்புறத்தில் இலையுதிராத அடர்ந்த மரம் நின்றால் அறைகள் வெயில் காணா. அப்பக்கத்திற்கு இலையுதிர்க்கும் முசுக்கொட்டை ஏற்றது. குளிரில் வெறுங்கிளையாக நின்று, வெப்பம் ஏறுமுன் தழைத்துவிடும். ஆண்டுதோறும் வெட்டிக் குறுக்கினாலும் தாங்கும். ஆல், அரசு போன்றவை பொது நிலத்திற்கு உரியவை.

கனி வேண்டுவோர் காலத்தையும் கணக்கிடல் வேண்டும். பப்பாளி ஓராண்டு அளவில் காய்க்கும். ஆனால் உறைபனியைத் தாங்காது, சில ஆண்டுகளில் ஓய்ந்தும் விடும். கொய்யாப் பதியன் இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். கவாத்துக்கு நன்கு இணங்கும். மாற்றலை எதிர்நோக்கும் அலுவலருக்கு அதுவே பொருந்தும் என்பது என் கருத்து. தசேரி போன்ற பழைய மா வகைகளுக்குப் பத்து மீட்டர் இடைவெளி தேவைப்படும். இத்தடையைத் தளர்த்தியது ஆம்ரபாலி. தசேரியையும் நீலத்தையும் கலந்து புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட இக்குட்டை வகை, ஆண்டு தவறாமல் காய்ப்பது. இரண்டரை மீட்டர் இடைவெளியில் எக்டேருக்கு 1,600 மரங்கள் நடலாம் எனில், ஒரு மரம் கொள்ளும் இடம் எவ்வளவு சிறிது என்பது விளங்கும்.

தவறான தேர்வின் இழப்பு பெரும்பாலும் நட்டவரைச் சாராது. பணியேற்ற புதிதில், செம்மலர்களின் அழகில் மயங்கி, அரசுக் குடியிருப்பொன்றில் மதிலிலிருந்து ஆறடியில் குல்மோகர் ஒன்றை நட்டேன். அதன் வேர் மேலாகப் படர்வது, கிளை எளிதில் முறிவது எதுவும் அன்று அறியேன். பல ஆண்டுகள் கழித்து அங்குச் சென்றபோது மதில் பிளந்திருந்தது. அங்குக் குடியிருந்த அலுவலர், நட்டவர் யாரென அறியாமல் அவரை என்னிடமே கடிந்துரைத்தார். நான் மறுக்கவில்லை. இன்று தில்லியில் 1994ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மர அலுவலரின் அனுமதியின்றி மரத்தை வெட்டவும் இயலாது. ஆகவே பத்தாண்டு கழித்து அது எட்டக்கூடிய படர்ச்சியை நடுமுன்பே தரையில் கயிறு கொண்டு வட்டமிட்டுப் பார்த்தல் நலம்.

குழியை மே மாதத்தில் மும்மூன்றடி அளவில் தோண்டி ஆறவிட்டு, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் இட்டு நிரப்பி, மழை இறங்கியபின் சூலை, ஆகஸ்டில் நடுக. ஒட்டுக்கன்றாயின் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அதன்கீழ் துளிர்ப்பவற்றை அவ்வப்போது கிள்ளிவிடுக.