ஹேண்ட்பிரேக் விடவில்லையா? டிரம்மைக் கழற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பட்டறையில் இந்தப் புகார் கேட்கத் தொடங்கிவிடும்: "ராத்திரி ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினேங்க, காலையில வண்டி நகரவே மாட்டேங்குது." கள்ளக்குறிச்சி டவுனுக்குள் ஓடுகிற வண்டி என்றால் இதனால் கெடுவது நேரம்தான். அதே வண்டி கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறி இறங்குவதென்றால் இது உயிர்ப் பிரச்சினை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வேலைக்குச் சேரும் தம்பிகள் பெயர் வாங்குவதும் கெடுத்துக்கொள்வதும் இந்த மாதிரிச் சின்ன வேலைகளில்தான்.

ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டிக்காரரிடம் பேசுங்கள். மழையிலோ வாட்டர் சர்வீஸ் முடிந்த ஈரத்திலோ நிறுத்தினாரா? லீவர் கீழே இறங்குகிறதா? ஓடிய பிறகு ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறதா, இரண்டுமா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். லீவரே இறங்கவில்லை என்றால் பட்டனை முரட்டுத்தனமாக அழுத்த வேண்டாம். லீவரைச் சற்று மேலே தூக்கி, பிறகு அழுத்தினால் பல்லிலிருந்து கொக்கி விலகும். லீவர் இறங்கியும் சிவப்பு விளக்கு அணையவில்லையா? பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்தாலும் எரிவது அதே விளக்குதான். பானட்டைத் திறந்து ஆயில் அளவைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இனி சோதனை. சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. நியூட்ரலில், லீவரை இறக்கிவிட்டு இரண்டு சக்கரங்களையும் கையால் சுற்றுங்கள். இரண்டுமே இறுக்கம் என்றால் பெரும்பாலும் கோளாறு நடுவில்: லீவர், அல்லது யாரோ அளவுக்கு மீறி முறுக்கிய அட்ஜஸ்டர் நட். ஒன்று மட்டும் இறுக்கம் என்றால் அந்தப் பக்கத்துக் கேபிள் அல்லது டிரம்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு டிரம்மைக் கழற்றுகிறார்கள். அதற்குள் போக வேண்டாம். நட்டை லூஸ் செய்து, இரு கேபிள்களும் சேரும் ஈக்வலைசர் அருகே உள்கம்பியைக் கையால் இழுத்து விடுங்கள். டிரம்முக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதை வெடுக்கென்று திரும்ப இழுக்க வேண்டும். கம்பி அசையவே இல்லை, அல்லது சோம்பலாகத் திரும்புகிறது என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல். கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: ரப்பர் மூடி வெடித்திருக்கும், மேலுறை உரிந்திருக்கும். உள்ளே இறங்கிய தண்ணீர் வளைவில் தேங்கித் துருவாகி, கம்பியைக் கவ்விக்கொள்ளும். எண்ணெய் விட்டு ஆட்டி அனுப்புவது ஊர் வழக்கம். துரு அரித்த கம்பிக்கு அது வைத்தியம் இல்லை. கேபிளை மாற்றுங்கள்.

கேபிள் தாராளமாக ஓடியும் சக்கரம் விடவில்லை என்றால்தான் டிரம். ஈரத்தில் லைனர் ஒட்டியிருக்கலாம், ஸ்பிரிங் முறிந்திருக்கலாம், வீல் சிலிண்டர் ஜாம் ஆகியிருக்கலாம். டிரம்மில் மரையிட்ட இரு துளைகள் இருந்தால், அதற்குப் பொருந்தும் போல்ட்டுகளை மாறி மாறிச் சமமாக முறுக்குங்கள், தானே வெளியே வரும். உள்ளிருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடையுங்கள். உங்கள் நுரையீரலுக்கு உதிரிப் பாகம் கிடையாது.

திரும்ப மாட்டும்போது முதலில் ஷூ செட்டிங், பிறகே கேபிள். கடைசியில் லீவர் எத்தனை 'டிக்'கில் பிடிக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள்.

மலைக்குப் போகும் வண்டி என்றால் இன்னொரு வேலை உண்டு. உரசிக்கொண்டே ஓடும் பிரேக்கின் சூடு ஆயிலுக்கும் ஏறும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழையதானால் அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடும். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ் வந்தால் இறக்கத்தில் பெடல் அடி வரை போகும், வண்டி நிற்காது. ஆகவே ஆயிலின் வயதைக் கேட்டு, தேவைப்பட்டால் மாற்றச் சொல்லுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

மழைநாளில் வீட்டு வாசலில், சமதரையில் கியரில் விட்டுக் கட்டை வைத்தாலே போதும். வெள்ளிமலைச் சரிவில் அந்தச் சலுகை கிடையாது: ஹேண்ட்பிரேக், கியர், சக்கரத்துக்குக் கல் மூன்றும் வேண்டும். கிளம்பும்போது கல்லை ரோட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது.

கழற்றிய பழைய கேபிளை வண்டிக்காரர் கையில் கொடுத்து, இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பில்லை நீட்டுங்கள். சில வாரம் ஓட்டிவிட்டு ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். புதுக் கேபிள் சற்று நீளும், திரும்ப ஒரு செட்டிங் தேவைப்படும்.