எல்லைகள்: இயற்கையும் செயற்கையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., புவியியல்)

நாடுகளைப் பிரிக்கும் எல்லைகளை இயற்கை எல்லை, செயற்கை எல்லை என இருவகைப்படுத்துவர். மலை, ஆறு, கடல் முதலியன இயற்கை எல்லைகள். பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் பிரனீஸ் மலைத்தொடர் இதற்குச் சான்று. அட்சரேகை, வேலி, எல்லைக்கல் முதலியன செயற்கை எல்லைகள். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நெடுந்தூரம் செல்லும் 49° வட அட்சரேகை இதற்குச் சான்று. இவற்றுள் இயற்கை எல்லையே நிலையானது என்று முதலாண்டுத் தேர்வில் நானும் எழுதினேன்.

ஆனால் சென்ற ஐப்பசி மழையில் எங்கள் ஊர் ஓடை திசை மாறிற்று. எங்கள் புன்செய்க்கும் பெரியப்பா நிலத்துக்கும் நடுவே ஓடியது அது. எங்கள் நிலத்தை அறுத்துக்கொண்டு பாய்ந்ததில் பத்து சென்ட் அக்கரைக்குப் போய்விட்டது. “ஓடைதானே எல்லை” என்றார் பெரியப்பா. அப்பா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அந்நாட்களில்தான் நூலகத்தில் ரியோ கிராண்டே ஆற்றைப் பற்றிப் படித்தேன். 1848ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் அந்த ஆறே எல்லையாயிற்று. பின்னர் ஆறு தெற்கே நகர்ந்தது. 1864 வெள்ளத்தில் பெரிதும் விலகியது. சமிசால் என்னும் மெக்சிகோ நிலம் அமெரிக்கக் கரையில் சேர்ந்தது. ஆறு மெல்ல மெல்லக் கரையை அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். திடீரெனப் புதுவழி பிடித்தால் பழைய தடமே எல்லை என்று 1884இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. ஆயினும் நடந்தது எது என்பதில் வழக்கு நீண்டது. 1911இல் நடுவர் குழு அளித்த தீர்ப்பை அமெரிக்கா ஏற்கவில்லை. 1963 உடன்படிக்கைக்குப் பின்னரே நிலத்தின் பெரும்பகுதி மெக்சிகோவுக்குத் திரும்பியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு மாற நேர்ந்தது. ஆறு இனியும் நகராதிருக்கக் கான்கிரீட் கால்வாய் கட்டினர். இயற்கை எல்லையைச் செயற்கையால் கட்டிப்போட வேண்டியதாயிற்று!

எங்கள் வழக்குக்குச் சர்வேயர் வந்தார். எழுத்தறியாத அப்பா புலப்படத்தை என்னிடம் நீட்டி, “நீ படிச்சுச் சொல்லு” என்றார். அளவுகளை நான் வாசிக்கச் சங்கிலி பிடித்து அளந்தனர். பழைய கரையில் மணலுக்கடியே சர்வே கல் கிடைத்தது. சாய்ந்திருந்த கல்லைப் பெரியப்பாவே நிமிர்த்தி நட்டு, “இதுதான் எல்லை, தம்பி” என்றார். அன்று மாலை இருவரும் ஒன்றாகத் தேநீர் குடித்தனர்.

மலையும் ஆறும் தாமாக எல்லையாகிவிடுவதில்லை. இருபுறத்தாரும் ஒப்பினால்தான் அவை எல்லை. அடுத்த தேர்வில் இதையே எழுதுவேன்.